மானை இழுக்கும் உப்பு

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகும் பலர், வேட்டைக்காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே காட்டோரத்தில் ஓர் உப்புக்கட்டியை வைத்துவிட்டு வருவார்கள். மான்கள் கண்டுகொண்டால் மறுபடி மறுபடி அங்கே வரும். ருசிக்காக மட்டுமல்ல, உடம்பு கேட்பதால்.

பெரும்பாலான செடிகள் சோடியம் இல்லாமலே வளர்ந்துவிடும்; ஆகவே இலைகளில் அது மிகக் குறைவு. அந்த இலையைத் தின்று வாழும் மானுக்கோ, சோடியம் இல்லாவிட்டால் நரம்பும் தசையும் இயங்காது. வசந்தகாலத்தில் இந்தப் பற்றாக்குறை முற்றிவிடும். அப்போது துளிர்க்கும் தளிரில் தண்ணீரும் பொட்டாசியமும் அதிகம். மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது சோடியமும் சேர்ந்து போய்விடுகிறது. குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண்மானுக்கு இழப்பு இன்னும் கூடுதல்.

மழையில் கட்டி கரைந்து உப்பு மண்ணில் இறங்கும். மான்கள் அந்த மண்ணை நக்கும், குளம்பால் கிளறும், கடித்தும் தின்னும். நாளடைவில் அங்கே ஒரு குழியே விழுந்துவிடும். கட்டி முழுக்கக் கரைந்த பிறகும் மான்கள் அந்தக் குழியை விடுவதில்லை.

இலையுதிர்காலம் வந்ததும் உப்புப் பசி தணிந்து, மான்கள் ஓக் மரக் கொட்டைகளைத் தேடிப் போய்விடும். பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டை நடப்பது நவம்பர் வாக்கில்தான். அப்போது உப்பை நம்பி உட்கார்ந்திருப்பது வீண். அது இனச்சேர்க்கைக் காலம், இழுப்பது வாசனை. ஆண்மான் தாழ்ந்த கிளை ஒன்றில் நெற்றியையும் வாயையும் தேய்க்கும். கீழே மண்ணைக் காலால் பறித்து, பின்னங்கால் மூட்டின் மயிர்க்கற்றை நனைய அதில் சிறுநீர் கழிக்கும். அடுத்து வரும் மான், யார் வந்து போனது என்பதை மோந்தே தெரிந்துகொள்ளும்.

சிலர் மக்காச்சோளத்தைக் கொட்டுகிறார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். குளிர்காலத்தில் குச்சியையும் மொட்டையும் தின்று பழகிய மானின் வயிற்று நுண்ணுயிரிகளுக்கு, திடீரென வரும் மாவுச்சத்தைச் சமாளிக்கத் தெரியாது. லாக்டிக் அமிலம் பெருகி, வயிறு நிறைந்திருக்கும்போதே மான் செத்துப்போகலாம்.

அப்புறம் நோய். மான்களை மெலியவைத்துக் கொல்லும் பிரியான் நோய் 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பிரியான் எனப்படும் உருமாறிய ஒரு புரதம்தான் காரணம். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் வெளிவரும் அந்தப் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். பல மான்கள் ஒரே குழியில் நாக்கை வைத்தால் என்ன ஆகும்? விஸ்கான்சினில் மான்கள் நக்கும் உப்பிடங்களின் மண்ணிலேயே பிரியான்களைக் கண்டுபிடித்து, 2018-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மிச்சிகன் 2019-இல் தன் கீழ்த் தீபகற்பத்தில் மானுக்கு இரை போடுவதையே தடைசெய்தது. அந்தத் தடை சரியென்றே நான் நினைக்கிறேன். கட்டியைத் திரும்ப எடுத்துவிடலாம், மண்ணில் இறங்கியதை எடுக்க வழியில்லை.