மழையில வண்டி ஓட்டறப்போ பூட்ஸுக்குள்ள தண்ணி எந்த வழியா வருது?

போன ஜூலைல வால்பாறை போனப்போ ஆழியாறு செக்போஸ்ட் தாண்டும்போதே தூறல் ஆரம்பிச்சிருச்சு, ஒன்பதாவது வளைவு ஏறுறதுக்குள்ள கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் போறப்போ என் வலது கால் விரல் அஞ்சும் மரத்துப் போச்சு. பின் ப்ரேக்கை எவ்வளவு அழுத்தறேன்னே கால்ல தெரியல. ஈர ரோடு, எதிர்ல பஸ், கொண்டை ஊசி வளைவு, இதுல கால் மரத்துப் போறது சாதாரண அசௌகரியம் இல்ல, ஆபத்து. ஊருக்குள்ள போய் ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து பூட்ஸைக் கழட்டிக் கவுத்தேன், அரை டம்ளர் தண்ணி கொட்டுச்சு. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லி வாங்கினது, மூணாவது தடவைதான் போடறேன்.

வீட்டுக்கு வந்து நல்லா காய வச்சுட்டு ஒரு சோதனை பண்ணேன். பூட்ஸுக்குள்ள டிஷ்யூ பேப்பரை விரல் நுனி வரைக்கும் திணிச்சு, பக்கெட்ல கணுக்கால் அளவு தண்ணி விட்டு, அதுல பூட்ஸை நிக்க வச்சு அரை மணி நேரம் விட்டேன், நடுநடுவுல நடக்கறப்போ மடியுமே அந்த இடத்தைக் கையால மடக்கி மடக்கி விட்டேன். எடுத்துப் பார்த்தா பேப்பர் மொறுமொறுன்னு இருக்கு. பூட்ஸ் ஒழுகவே இல்ல! அப்போ அந்த அரை டம்ளர் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?

பதில் என் ஜீன்ஸ்ல இருந்துச்சு. மேல ரெயின் பேன்ட் போட்டிருந்தேன், ஆனா வண்டில உக்காந்து முட்டியை மடக்கினா பேன்ட் நாலு விரல் மேல ஏறிக்கும், பூட்ஸோட வாயும் உள்ள சொருகி வச்ச ஜீன்ஸும் வெளிய தெரியும். அகல் விளக்குல திரி எண்ணெயை எப்படி இழுக்குதோ அதே வேலையைத்தான் ஜீன்ஸ் பண்ணியிருக்கு. பருத்தி நூல் தண்ணியை விரும்பி ஒட்டிக்கும், நூலுக்கும் நூலுக்கும் நடுவுல இருக்கற இடுக்கு ஒரு மெல்லிய குழாய் மாதிரி, அதுக்குள்ள தண்ணி தானா ஏறும். 0.1 மி.மீ. அகலக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி புவியீர்ப்பை எதிர்த்தே கிட்டத்தட்ட 30 செ.மீ. ஏறும்னா, கீழ் நோக்கித் தொங்கற துணில சொல்லவே வேணாம், புவியீர்ப்பும் சேர்ந்து தள்ளும். ஜீன்ஸ்ல இருந்து சாக்ஸ், சாக்ஸ்ல இருந்து குதிகால், அங்கிருந்து விரல். நாப்பது வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ள அரை டம்ளர் சேர்ந்துருச்சு.

அதனால எவ்வளவு விலை கொடுத்து எந்த பூட்ஸ் வாங்கினாலும் முதல் விஷயம் இதுதான்: ரெயின் பேன்ட் பூட்ஸுக்கு வெளிய, மேல மூடி இறங்கணும், உள்ள போற துணி எதுவும் மழைல நனையற இடத்துல எட்டிப் பார்க்கக் கூடாது. பேன்ட் வாங்கறப்போ நின்னு அளவு பார்க்காதீங்க, வண்டில உக்காந்து பாருங்க. சாக்ஸும் அப்படித்தான், பூட்ஸ் வாயை விட உயரமா இருந்து அது மழைல நனைஞ்சா அதுவும் திரிதான்.

இப்போ பூட்ஸுக்கு வருவோம். நின்னுட்டு இருக்கறப்போ மழைல நனையறது வேற, 60 கி.மீ. வேகத்துல போறப்போ நனையறது வேற. பெரிய மழைத்துளி விழற வேகம் நொடிக்கு சுமார் 9 மீட்டர். நாம 60ல போனா நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் வேகத்துல நாமளே போய் அந்தத் துளியை மோதறோம். அந்த மோதல்ல கண நேரத்துக்கு வர்ற அழுத்தத்தைக் கணக்குப் போட்டா 14 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம் வருது, அதாவது நாலு மாடிக் கட்டடத்து மேல இருக்கற டேங்க்ல இருந்து கீழ் வீட்டுக் குழாய்க்கு வர்ற ஃபோர்ஸ். வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. போதாக்குறைக்கு முன் சக்கரம் ரோட்ல இருக்கற தண்ணியை வாரி நேரா நம்ம கால் மேலதான் அடிக்குது. மழைல உடம்புலயே அதிகமா அடி வாங்கற இடம் பாதமும் முழங்காலுக்குக் கீழயும்தான், ஆனா நாம காசு செலவு பண்றது எல்லாம் ஜாக்கெட்டுக்கு.

சாதாரண துணி இந்த அழுத்தத்தைத் தாங்காது. தண்ணியை ஒட்ட விடாத பூச்சு பூசியிருந்தா, தாமரை இலைல மாதிரி தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், பார்க்க அழகா இருக்கும். ஆனா நெசவுல இடுக்கு ஒரு மி.மீ.ல பத்துல ஒரு பங்கு இருந்தாலே அது தாங்கறது சில அங்குலத் தண்ணியோட அழுத்தம் மட்டும்தான். இடுக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகமா தாங்கும், கணக்கு தலைகீழ் விகிதம்.

இங்கதான் மெம்ப்ரேன், அதாவது தண்ணியைத் தடுக்கற மெல்லிய படலம், வருது. நான்-ஸ்டிக் தவால பூசற அதே டெஃப்லான் வகைப் பொருளை 1969ல பாப் கோர் அமெரிக்கால சூடு பண்ணி வெடுக்குன்னு இழுத்துப் பார்த்தார், மெதுவா இழுத்தா அறுந்து போனது, வேகமா இழுத்தப்போ பல மடங்கு நீண்டு உள்ள வலை மாதிரி ஆயிருச்சு. அதுதான் அவங்க கம்பெனியோட கோர்-டெக்ஸ். ஒரு சதுர அங்குலத்துல 900 கோடி துளைன்னு அந்தக் கம்பெனியே கணக்கு சொல்லுது. துளி உள்ள போக முடியாத அளவு சின்னது, ஆனா நீராவியோட ஒத்தை மூலக்கூறு தாராளமா வெளிய போகற அளவு பெருசு. மேல சொன்ன இடுக்கு கணக்கை இதுக்குப் போட்டா பத்து மாடிக் கட்டட உயரத் தண்ணியைக் கூடத் தாங்கும். விலை குறைஞ்ச பூட்ஸ்ல வர்ற பாலியூரித்தேன் படலங்கள்ல பலதுல துளையே கிடையாது, நீராவி அந்தப் படலத்துக்குள்ள கரைஞ்சு அந்தப் பக்கமா வெளிய வரும்.

பெரும்பாலான பைக் பூட்ஸ்ல இந்த மெம்ப்ரேன் வெளிய இருக்கற லெதரோட ஒட்டியிருக்காது. உள்ள ஒரு சாக்ஸ் மாதிரி தனியா தைச்சு, தையல் ஓட்டை மேல டேப் ஒட்டி, லெதருக்கும் லைனிங்குக்கும் நடுவுல வச்சிருப்பாங்க. அதனால மெம்ப்ரேன் முழுசா இருந்தாலும் வெளி லெதர் தண்ணியைக் குடிச்சுட்டு கனமா ஊறிக் கிடக்கும். அப்புறம் காத்துல அந்த ஈரம் ஆவியாகும், ஆவியாகறப்போ சூட்டை இழுக்கும், மண்பானைத் தண்ணி சில்லுன்னு இருக்கற அதே காரணம்தான். நம்ம கால் பானைக்குள்ள இருக்கற மாதிரி. இதுல இன்னொரு ஆச்சரியம் என்னன்னா மனுஷத் தோல்ல ஈரத்தை உணர்றதுக்குன்னு தனி நரம்பு முனை கிடையாது, குளிர்ச்சியையும் தொடுதலையும் சேர்த்துப் பார்த்து மூளையே ‘ஈரம்’னு முடிவு பண்ணிக்குது. அதனால கால் காஞ்சே இருந்தாலும் சில்லுன்னு இருந்தா ஒழுகுதுன்னு தோணும். பூட்ஸைத் திட்டறதுக்கு முன்னாடி சாக்ஸைக் கழட்டிப் பிழிஞ்சு பாருங்க.

வியர்வையையும் சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை யாரும் சரியா சொல்றதில்ல. ‘பிரீத்தபிள்’னு போட்டிருந்தா கால் மூச்சு விடும்னு நினைச்சுக்கறோம். மெம்ப்ரேன் எதையும் வெளிய பம்ப் பண்ணாது, உள்ள நீராவி அழுத்தம் அதிகம், வெளிய கம்மி, அந்த வித்தியாசம்தான் தள்ளுது. பூட்ஸுக்குள்ள 33 டிகிரி, முழு ஈரப்பதம்னா நீராவி அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். வெளிய 5 டிகிரி இருக்கற மலைல மழை பேஞ்சா 0.9தான், வித்தியாசம் 4க்கு மேல. நவம்பர்ல சென்னைல 25 டிகிரில அடைமழைன்னா வெளியவே 3.2, வித்தியாசம் 2 கூட வராது. அதாவது தள்ளற சக்தி பாதிக்கும் கம்மி. மழைக்காலத்துல கொடில போட்ட துணி ரெண்டு நாளானாலும் காயாம வாடை அடிக்குமே, அதே கதை. வெளி லெதர் ஊறிப் போச்சுன்னா இன்னும் மோசம். அதனால சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஓட்டறவங்க பிரீத்தபிளுக்காக மட்டும் ரொம்ப அதிகமா காசு கொடுக்கறதுல எனக்கு நியாயம் தெரியல, வால்பாறை, ஊட்டி, மூணாறுன்னு ஏறறவங்களுக்கு அது நிஜமாவே உதவும்.

கடைல என்ன பார்க்கணும்? முதல்ல பூட்ஸோட நாக்கு. ஸிப் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் அதுல தண்ணி புகும், அதுக்குப் பின்னாடி மடிச்சு மடிச்சு வச்ச துணி பூட்ஸோட ரெண்டு பக்கமும் சேர்த்துத் தைச்சிருக்கணும். ஸிப்பைத் திறந்து கையை விட்டு அந்த மடிப்பு எந்த உயரம் வரைக்கும் சேர்ந்திருக்குன்னு தடவிப் பாருங்க. சில பூட்ஸ் பத்து அங்குல உயரம் இருக்கும், ஆனா மடிப்பு கணுக்காலோட முடிஞ்சிரும். குடத்துல ஓட்டை எந்த உயரத்துல இருக்கோ அதுவரைக்கும்தானே தண்ணி நிக்கும், இங்க அது தலைகீழ், அவ்வளவுதான். தண்ணி தேங்கின சப்வேல கால் ஊனினா அந்த உயரம்தான் கணக்கு. மழைத் தண்ணில சாக்கடை கலந்திருக்கும், எலி சிறுநீர் வழியா வர்ற லெப்டோஸ்பைரோசிஸ்ங்கற எலிக்காய்ச்சல் கிருமி கால்ல இருக்கற சின்ன வெட்டு வழியாவே உள்ள போகும், அதனால இதை லேசா எடுத்துக்காதீங்க.

அடுத்து உள்ள தைச்சிருக்கற லேபிள். ஐரோப்பிய பைக் பூட்ஸ் தரம் ஈஎன் 13634. பைக் படத்துக்குக் கீழ நாலு எண் இருக்கும், ஒவ்வொண்ணும் 1 இல்லன்னா 2: உயரம், ரோட்ல தேய்ஞ்சா தாங்கறது, வெட்டு தாங்கறது, பாதம் பக்கவாட்டுல நசுங்காம இருக்கறது. பக்கத்துல டபிள்யூஆர்னு எழுத்து இருந்தா தண்ணி சோதனையிலயும் பாஸ். அது கட்டாயம் இல்ல, கம்பெனி விரும்பினா பண்றது, அதனால பெட்டி மேல வாட்டர்ப்ரூஃப்னு எவ்வளவு பெருசா அச்சடிச்சிருந்தாலும் லேபிள்ல அந்த எழுத்து இருக்கான்னு பாருங்க.

மெம்ப்ரேன் முதல்ல கிழியற இடம் பெருவிரலுக்குப் பின்னாடி பாதம் மடியற இடம், கியர் போடறப்போ இடது கால்ல ஆயிரக்கணக்கான தடவை அங்கதான் மடியுது. மணல் உள்ள போனா உப்புத்தாள் மாதிரி அரைக்கும். போட்டுப் பார்க்கறப்போ அங்க கூர்மையா ஒரே கோட்டுல மடிஞ்சா வேணாம், அகலமா வளையணும். சாயங்காலம் போய் வாங்குங்க, கால் அப்போதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். டைட்டா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும்.

பட்ஜெட் இல்லன்னா கம்பூட்ஸ் போடலாமான்னு கேக்கறாங்க. தண்ணி விஷயத்துல அதை அடிச்சுக்க ஆளே இல்ல, ஆனா கணுக்காலுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது, விழுந்தா லூசான வாய் வழியா கழண்டு போயிரும், தடி சோல் கியர் லிவருக்குக் கீழ நுழையாது. ஊருக்குள்ள பக்கத்துல போக வர ஓகே, ஹைவேக்கு நான் சொல்ல மாட்டேன்.

நனைஞ்சு வந்ததும் அடுப்பு பக்கத்துலயோ ஹேர் ட்ரையர்லயோ காய வைக்காதீங்க, லெதர் விறைச்சுப் போகும், சோல் ஒட்டின பசையும் டேப்பும் விட்டுரும். நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தி, ஃபேன் காத்துல வைங்க. சோப்புத் தூள் போட்டுக் கழுவவே கூடாது, சோப்பு தண்ணியோட பரப்பு இழுவிசையைக் குறைக்கும், மிச்சம் ஒட்டியிருந்தா அடுத்த மழைல துளி உருளாது, நேரா உள்ள ஊறும். மழைக்காலம் முடிஞ்சதும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி அலமாரில போடறதும் தப்பு, ஈரம் உள்ளயே அடைஞ்சு நிக்கும், பாலியூரித்தேன் சோல் காத்துல இருக்கற ஈரத்தாலயே மெல்ல மெல்ல வேதியியல் ரீதியா உடையும், நாலஞ்சு வருஷம் தொடாம வச்சிருந்த பூட்ஸை எடுத்துப் போட்டா சோல் பிஸ்கட் மாதிரி உதிர்றது அதனாலதான். வெளிய காத்தாட வைங்க, மாசத்துக்கு ஒரு தடவையாவது போட்டு நடங்க, அடுத்த மழை வர்றதுக்கு முன்னாடி பக்கெட்டும் டிஷ்யூ பேப்பரும் எடுத்து ஒரு தடவை பார்த்துருங்க, அரை மணி நேர வேலைதான்.