கிளைமேக்டெரிக்: தமிழில் கனிவெழுச்சி

தோட்டக்கலைக் கையேடுகளில் 'கிளைமேக்டெரிக் பழங்கள்' என்ற சொல் அடிக்கடி வரும். 'பறித்த பிறகும் பழுப்பவை' என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வாழைக்கும் மாவுக்கும் அது ஓரளவு பொருந்தும். முலாம்பழத்துக்கு வந்தால் ஏமாற்றிவிடும். வலைத்தோல் முலாம்பழம் கிளைமேக்டெரிக் வகைதான்; ஆனாலும் கொடியில் இனிப்பேறாத காயைப் பறித்து எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது. குழப்பத்துக்குக் காரணம் பழமல்ல, சொல்லுக்கு நாம் கொடுத்த பொருள்.

கிரேக்கத்தில் 'கிளிமாக்ஸ்' என்றால் ஏணி, 'கிளிமாக்டேர்' என்றால் ஏணிப்படி. சினிமாவில் நாம் சொல்லும் 'கிளைமாக்ஸ்' அந்த ஏணியின் வழி வந்ததே. பழைய ஐரோப்பியச் சோதிடத்தில் மனித ஆயுளின் ஒவ்வொரு ஏழாம் ஆண்டும் ஒரு படி, கடப்பதற்கு ஆபத்தான படி. நம் சோதிடர்கள் 'கண்டம்' என்பதற்கு நெருங்கிய கருத்து. ஏழும் ஒன்பதும் பெருக்கி வரும் 63ஆம் வயது பெருங்கண்டம். பிறகு மருத்துவர்கள் இதே சொல்லை மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 1920களில் கேம்பிரிட்ஜில் ஆப்பிளின் சுவாசத்தை அளந்துகொண்டிருந்த பிராங்க்ளின் கிட், சார்லஸ் வெஸ்ட் இருவரும் அதைப் பழத்துக்குக் கொண்டுவந்தார்கள். பறித்த ஆப்பிள் வெளிவிடும் கரியமில வாயு முதலில் குறைகிறது, திடீரென ஏறுகிறது, உச்சம் தொட்டு இறங்குகிறது. அந்த ஏற்றம்தான் கிளைமேக்டெரிக். ஆக, சொல் பிறந்தது சுவாசத்தைக் குறிக்க. இனிப்பைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

ஏற்றத்தைத் தூண்டுவது எத்திலீன். ஆப்பிள் தானே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934இல் ரிச்சர்டு கேன் நிறுவினார். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஏசிசி என்ற இடைப்பொருள் வழியாக எத்திலீன் உருவாகிறது என்று 1979இல் ஆடம்ஸும் ஷாங் ஃபா யாங்கும் காட்டினார்கள். இதில் முக்கியம், கிளைமேக்டெரிக் பழத்தில் எத்திலீனே மேலும் எத்திலீனைத் தூண்டும் என்பது. கூடையில் ஒரு பழம் பழுத்தால் மற்றவையும் சேர்ந்து பழுப்பது இதனால்தான்.

இப்போது இனிப்புக்கு வருவோம். முற்றிய பச்சை வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். பழுக்கும்போது அதுவே சர்க்கரையாக மாறுகிறது. முலாம்பழத்தில் அப்படிப்பட்ட சேமிப்பு கிடையாது. இலைகள் செய்த சர்க்கரை காம்பு வழியாக வந்து, கடைசி நாள்களில் சுக்ரோஸாகச் சேர்கிறது. காம்பு அறுந்த அன்று கணக்கு முடிந்தது. அமெரிக்கத் தரவிதிகள் வலைத்தோல் முலாம்பழத்துக்கு நல்ல உள்தரம் என்றால் சாற்றில் கரைதிடப் பொருள் (பெரும்பாலும் சர்க்கரை) 9 சதவீதம், மிக நல்லது என்றால் 11 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. இதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒரு சொட்டுச் சாறு வைத்துப் பார்த்துவிடலாம். பறித்த அன்று 7 காட்டிய பழம் ஒரு வாரம் கழித்து 11 காட்டாது.

அப்படியானால் பறித்த பிறகு எது மாறுகிறது? சதை இளகுகிறது, தோல் நிறம் மாறுகிறது, மணம் பிறக்கிறது. மணத்தில் பெரும்பங்கு எஸ்டர்களுடையது. 'எஸ்டர்' 1848இல் ஜெர்மானிய வேதியியலர் லியோபோல்ட் க்மெலின் உண்டாக்கிய சொல். காடிக்கு ஜெர்மனில் 'எஸ்ஸிக்', ஈதருக்கு 'ஏதர்'. 'எஸ்ஸிக்ஏதர்' என்பதைச் சுருக்கினார். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, தண்ணீர் பிரிந்து உருவாகும் சேர்மம் அது. பழத்துக்குள் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் படிப்படியாக 2-மெத்தில்பியூட்டனால் ஆகிறது. ஆல்கஹால் அசைல்மாற்றி என்ற நொதி அதனுடன் அசிட்டைல் கூறை இணைக்கிறது. வருவது 2-மெத்தில்பியூட்டைல் அசிட்டேட், பழ வாசனையின் முதுகெலும்புகளில் ஒன்று. எத்தில் பியூட்டனோயேட், ஹெக்சைல் அசிட்டேட் போன்றவையும், கந்தகம் கலந்த சில எஸ்டர்களும் சேரும்போது 'இது முலாம்பழம்' என்று மூக்கு கண்டுகொள்கிறது. கந்தகக் கூறுகள் அளவில் சொற்பம், ஆனால் அவை இல்லாவிட்டால் வெறும் மிட்டாய் வாசனைதான்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டிய சோதனை 1996இல் பிரான்ஸின் துலூஸ் நகரத்திலிருந்து வந்தது. ஷாராந்தே வகை முலாம்பழத்தில் எத்திலீன் உற்பத்தியின் கடைசி நொதியை மரபணு மாற்றத்தால் அடக்கினார்கள். எத்திலீன் வழக்கமான அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. சதை ஆரஞ்சு நிறமாகவே ஆனது, சர்க்கரையும் சேர்ந்தது. தோல் மட்டும் பச்சையாக நின்றது, சதை இளகவில்லை, காம்பு கழலவில்லை. அந்தப் பழங்களில் எஸ்டர் மணம் வெகுவாகக் குறைந்திருந்தது. சதையின் நிறமும் இனிப்பும் எத்திலீனுக்குக் காத்திருப்பதில்லை. மணமும் இளக்கமும் காத்திருக்கின்றன.

ஒரே இனத்துக்குள்ளேயே இரண்டு போக்கும் உண்டு என்பது முலாம்பழத்தின் தனிச் சிறப்பு. ஹனிடியூ என்ற வழவழத்தோல் முலாம்பழம் சேர்ந்த கூட்டத்துக்குத் தாவரவியல் பெயர் 'இனோடோரஸ்', லத்தீனில் 'மணமற்றது'. இவை காம்பு விடா, வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும், எழுச்சி (கிளைமேக்டெரிக் ஏற்றம்) இல்லாதவை என்று பெயர். ஆனால் ஹனிடியூவை 20 டிகிரி செல்சியஸில், பத்து லட்சத்தில் 100 முதல் 150 பங்கு எத்திலீனில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தால் இளகும், மணக்கும். ஸ்பெயினின் பியெல் தே சாப்போவும் கொரிய வகை ஒன்றும் எழுச்சி காட்டாதவை. இரண்டையும் கலந்து பெற்ற ஒரு வழித்தோன்றலில் எழுச்சி தோன்றிவிட்டது. உண்டு, இல்லை என்று இரண்டு பெட்டியாகப் பிரிப்பது வகுப்பறைக்கு வசதி, அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்வது? நம் சொற்களஞ்சியம் இந்த இடத்தில் வளமானது. பிஞ்சு, காய், விளைந்த காய், செங்காய், பழம், அளிந்த பழம் என்று படிகளே இருக்கின்றன. விளைதல் வேறு, பழுத்தல் வேறு என்பது மாங்காய் வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளையாத காய் பழுத்த தோற்றம் காட்டினால் அது 'வெம்பல்'. தாவரவியலார் பல வரிகளில் விளக்கும் குறையை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

'பறித்தபின் பழுப்பவை' என்ற விளக்கத்தை, மேலே பார்த்த காரணத்தால், கலைச்சொல்லாக ஏற்க முடியாது. 'சுவாச உச்சம்' என்பது ஏணியின் கடைசிப் படியை மட்டும் காட்டுகிறது. கிட்டும் வெஸ்டும் பெயரிட்டது ஏற்றத்துக்கு. 'கனிவெழுச்சி' என்பதே எங்கள் பரிந்துரை. கனிதலில் மணமும் இளக்கமும் அடங்கும், எழுச்சி என்பது சுவாசமும் எத்திலீனும் சேர்ந்து ஏறுவதைக் குறிக்கும். 'கனிவெழுச்சிப் பழம்', 'எழுச்சி தணிந்த வகை' என்று வாக்கியத்தில் இயல்பாக அமரும். எஸ்டருக்கும் எத்திலீனுக்கும் மாற்றுச் சொல் தேடி அலைய வேண்டாம், அவை சேர்மப் பெயர்கள். இன்னொன்று: 'மெலன்' என்ற பெயரின் மூலமான கிரேக்க 'மேலோபெபோன்' என்பதில் பாதி ஆப்பிள், பாதி 'கனிந்தது'. ஆப்பிளில் பிறந்த கலைச்சொல் முலாம்பழத்தில் வந்து சோதனைக்குள்ளானதும் பொருத்தமே.

பழம் வாங்கும்போது வலைத்தோல் வகையில் காம்பிருந்த இடத்தைப் பாருங்கள். கத்தியால் வெட்டிய காம்புத்துண்டு ஒட்டியிருந்தால் எழுச்சிக்கு முன்பே பறித்தது. வழவழப்பான குழி மட்டும் இருந்தால் தானே கழன்றது, சர்க்கரை முழுதாக வந்து சேர்ந்தது. வேதத்தின் மிருத்யுஞ்சய மந்திரத்தில் வெள்ளரிப்பழம் கட்டிலிருந்து விடுபடுவது போல என்று வருவது இந்தக் கழலலைத்தான். கோடையில் தானாக வெடித்து, மாவாக உதிரும் நம் வெள்ளரிப்பழமும் முலாம்பழத்தின் இனமே. கால்சியம் கார்பைடு போட்டால் கிடைப்பது எத்திலீன் அல்ல, அசிட்டிலீன். பல மடங்கு வலுக்குறைவு, கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசுகள். இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவுக்கு 2016இல் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி தரப்பட்டது. ஆனால் இனிப்பேறாமல் பறித்த முலாம்பழத்துக்கு அதனாலும் பயனில்லை.

மணம் வராத முழுப்பழத்தை முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்தால் எஸ்டர் உருவாவது மந்தமாகிவிடும். வெளியே ஓரிரு நாள் வைத்து, அடிப்புறம் மணக்கத் தொடங்கியதும் உள்ளே வையுங்கள். காடியும் சாராயமும் கலந்த வாடை அடித்தால் எழுச்சி தாண்டி நொதிக்கத் தொடங்கிவிட்டது. வெட்டியவுடன் வெள்ளரி போன்ற பச்சை வாசனை வருவது கேடல்ல. செல்கள் கிழிபடும்போது கொழுப்பு அமிலங்களிலிருந்து பிறக்கும் ஒன்பது கார்பன் ஆல்டிஹைடுகளின் வேலை அது. நறுக்கி வைத்த துண்டுகளில் அசிட்டேட் எஸ்டர்கள் விரைவில் குறைந்துவிடும். ஆகவே பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன் நறுக்குங்கள்.