நட்சத்திரம் பிறக்கக் குளிர் வேண்டும்

நட்சத்திரம் என்றாலே கொதிக்கிற நெருப்புக் கோளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது கருக்கொள்கிற இடத்தில் வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். அந்தக் குளிர் இல்லையென்றால் நட்சத்திரமே இல்லை.

அந்த இடம், விண்வெளியில் மிதக்கும் வாயு-தூசு மேகம். பார்னார்ட் 68 என்று அப்படி ஒரு மேகம், சுமார் 500 ஒளியாண்டு தூரத்தில். படத்தைப் பார்த்தால், நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் வானத்தின் நடுவே மையைக் கொட்டியது மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. இந்த மாதிரி இடங்களை வானத்தில் விழுந்த ஓட்டை என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அதே இடத்தை அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படத்தில் பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. ஆக ஓட்டை இல்லை, தூசு மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். மேகத்தின் எடையில் தூசு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் ஹைட்ரஜனும் ஹீலியமும். ஆனாலும் அந்தச் சொற்பத் தூசுதான் வெளி வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுத்து மேகத்தைக் குளிர வைக்கிறது.

குளிர் எதற்கு? வாயு தன் ஈர்ப்பால் தன்னையே உள்ளே இழுக்கிறது, அதன் வெப்பமோ வெளியே தள்ளுகிறது. எது ஜெயிக்கும் என்பதற்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-இலேயே கணக்குப் போட்டுவிட்டார்: வாயு குளிரக் குளிர, நெருங்க நெருங்க, சரிந்து விழக் குறைந்த எடையே போதும்.

சரிய ஆரம்பித்ததும் சூடேறி நின்றுவிடாதா என்று கேட்கலாம். நின்றுவிடும்தான், வெப்பம் வெளியே போக வழி இல்லாவிட்டால். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளும் தூசும் வெப்பத்தை ரேடியோ அலையாகவும் அகச்சிவப்பாகவும் வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி ரொம்ப அடர்த்தியாகிப் போன பிறகுதான் வெப்பம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, சரிவும் தடைபடுகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அடுத்து வருவதுதான். சூடு சுமார் 2,000 டிகிரியைத் தொட்டதும் ஜோடி ஜோடியாக இருந்த ஹைட்ரஜன் அணுக்கள் பிரிய ஆரம்பிக்கின்றன, வருகிற வெப்பமெல்லாம் அந்தப் பிரிக்கிற வேலைக்கே செலவாகிவிடுகிறது, தாங்கிப் பிடிக்க அழுத்தம் போதாமல் மையம் இரண்டாம் முறை சரிகிறது. அதில் உருவாவதுதான் முன்விண்மீன், அதாவது இன்னும் முழு நட்சத்திரமாகாத கரு.

அப்புறம் சுழற்சி. மேகம் லேசாகச் சுழன்றிருந்தாலும் சுருங்கும்போது வேகம் எகிறும், அதனால் எல்லா வாயுவும் நேராக மையத்தில் விழ முடியாமல் சுற்றிலும் தட்டாகப் பரவும். அட்டகாமா பாலைவனத்து ஆல்மா தொலைநோக்கி 2014-இல் எச்எல் டவுரி என்ற குழந்தை நட்சத்திரத்தைப் படம்பிடித்தபோது, அந்தத் தட்டில் வளையம் வளையமாகக் கோடுகளே தெரிந்தன. அங்கே கிரகங்கள் உருவாகிக்கொண்டிருக்கலாம். இன்னொரு பக்கம், விழுகிற வாயுவில் ஒரு பங்கு இரு துருவங்கள் வழியாகவும் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பீறிட்டு வெளியே போய்விடுகிறது.

இவ்வளவு ஆன பிறகும், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகிற அணுக்கரு இணைவு முறையாகத் தொடங்கியிருக்காது. சுருங்குவதால் வருகிற சூட்டில்தான் முன்விண்மீன் பெரும்பாலும் ஒளிர்கிறது. ஹைட்ரஜன் இணைய மையத்தில் ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூரியன் அளவு நட்சத்திரம் அந்த இணைவை மட்டுமே நம்பி நிலைகொள்ள 5 கோடி ஆண்டு வாக்கில் பிடிக்கும். சூரிய எடையில் 8 சதவீதம்கூடத் தேறாதவை நட்சத்திரமாக முடியாமல் பழுப்புக் குள்ளன்களாக மெல்ல ஆறிப்போகும்.

இதில் ஒரு பகுதியை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடைவாளில் நடுப்புள்ளி மட்டும் கொஞ்சம் மங்கிக் கலைந்து தெரியும். 1,300 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் இருக்கும் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் அது. அங்கே ஏற்கெனவே பிறந்துவிட்ட பெரிய நட்சத்திரங்கள் தங்கள் புற ஊதாக் கதிரால் மேகத்தின் முன்பக்கத்தை அரித்து ஒளிரவைத்திருக்கின்றன. நம் கண்ணில் படுவது அந்த அரித்த ஓரம்தான். குளிர்ந்த மேகம் அதற்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது. 1970-இல் 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் கார்பன் மோனாக்சைடை நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளியில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது அங்கேதான்.