சாலையில் இருந்து கட்டில் வரை: தடையற்ற வீட்டுக்கும் தெருவுக்கும் சட்டம் தரும் உரிமை

அம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தபோது, 108 ஆம்புலன்ஸ் எங்கள் தெருமுனைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. நேரம் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான். பழைய எண், புதிய எண் குழப்பத்தில் வண்டி ஒரு தடவை எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பியது. குடியிருப்பின் பெரிய கேட் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் படுத்தவாக்கில் நுழையவில்லை. கடைசியில் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் பிடித்து இரண்டு மாடி இறக்கினோம். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைக் கைப்பிடிக்கு மேலே தூக்கினால்தான் திருப்ப முடிந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அந்த வழியைத்தான் பார்க்கிறது: சாலையில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் இருந்து, படுத்திருப்பவரின் கட்டில் வரை. அதில் ஓர் இடம் அடைபட்டாலும் மற்ற வசதிகள் இருந்தும் பயனில்லை. இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்க ஆள் இல்லையென்றால், அவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பூட்டிய கேட்டில் நாங்கள் இழந்த நிமிடங்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இந்த வழி திறந்திருக்க வேண்டும் என்று கேட்க நமக்குச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எந்தச் சட்டம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி. அடையாள அட்டை, உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு என்ற அளவில்தான் பலருக்கும் இது தெரியும். கட்டடம், தெரு, மருத்துவமனை, பேரிடர் எல்லாம் இதற்குள் வருகின்றன.

40-வது பிரிவு, கட்டடம், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான தடையற்ற அணுகல் தரங்களை ஒன்றிய அரசு வகுக்க வேண்டும் என்கிறது. நகரம், கிராமம் இரண்டுக்கும் இது பொருந்தும். அதைப் பிடித்துக்கொண்டு வருவது 44-வது பிரிவு. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தில் மிகக் கூர்மையான பிரிவு இதுதான். அந்தத் தரங்களின்படி வரைபடம் இல்லாவிட்டால் எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது. கட்டி முடித்த பிறகும் தரத்தின்படி இல்லையென்றால் நிறைவுச் சான்றிதழும் தரக் கூடாது, குடியேறவும் விடக் கூடாது.

இங்கே 'நிறுவனம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசு அலுவலகம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், சங்கங்கள், அறக்கட்டளை எல்லாம் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகின்றன. அடுக்குமாடி கட்டி விற்கும் கட்டுமான நிறுவனமும் அதில் ஒன்று. தனி ஆள் தன் மனையில் தனக்கென வீடு கட்டிக்கொண்டால் இந்தப் பிரிவு அவரைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் அவருக்கும் வயதாகும். கீழே சொல்லப்போகும் அளவுகள் அவருக்கும் தேவைப்படும்.

ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதில் இருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தடையற்றதாக மாற்ற வேண்டும் என்பது 45-வது பிரிவு. மீறினால் 89-வது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 ரூபாயில் இருந்து 5 லட்சம் ரூபாய் வரை.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை? 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. பார்வைக் குறைபாடு உள்ள அவர் அந்த வழக்கைத் தொடுத்தது 2005-இல். சட்டம் கட்டாய விதிகளைக் கேட்கிறது. ஆனால் அரசு வகுத்த 15-வது விதியோ வெறும் பரிந்துரை வழிகாட்டுதல்களைத்தான் சுட்டிக்காட்டுகிறது, இது சட்டத்துக்கே முரண் என்று நீதிமன்றம் கூறியது. மீறக் கூடாத அடிப்படைத் தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக வகுக்கவும், வகுத்த பிறகு நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகியவற்றை உண்மையாகவே செயல்படுத்தவும் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பைத் தேதியோடு குறிப்பிடுங்கள். 'அது வழிகாட்டுதல்தான் சார், கட்டாயம் இல்லை' என்று இனி யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு சாய்தளத்தின் கணக்கு

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். பெரும்பாலான கட்டடங்களில் தரையில் இருந்து மூன்று படி இருக்கும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்பது தரம். அதாவது 45 சென்டிமீட்டர் ஏற 540 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், ஏறத்தாழ 18 அடி. அதற்கு மேலும் கீழும் சக்கர நாற்காலி நின்று திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர். இரண்டு பக்கமும் கைப்பிடி.

இப்போது உங்கள் வாசலில் இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் நாலடி நீளத்தில் ஒரு சிமெண்ட் சரிவு இருக்கும். அது பைக் ஏற்றுவதற்குப் போட்டது. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் தள்ளுபவர் கை நழுவும். இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் சரிந்து விழுவார். வரைபடத்தில் அதையே 'ராம்ப்' என்று எழுதி அனுமதி வாங்கிவிடுகிறார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல் நீளத்தைக் கேளுங்கள். 18 அடி இடத்தை வரைபட நிலையில் ஒதுக்குவது சுலபம். கார் நிறுத்துமிடம் எல்லாம் விற்று முடித்த பிறகு அந்த இடத்தைத் தேடுவது மிகக் கடினம்.

உள்ளே போனால் கதவுகள். திறந்தபின் தடையில்லாமல் 90 சென்டிமீட்டர், அதாவது மூன்று அடி கிடைக்க வேண்டும். குளியலறைக்கு இரண்டரை அடி நிலை வைப்பதுதான் நம் வழக்கம். நிலையின் மரச்சட்டமும் கதவின் தடிமனும் போக இரண்டே கால் அடி மிஞ்சினாலே அதிகம். நிலைப்படியும் இருக்கக் கூடாது. இன்னொன்று, பலரும் யோசிக்காதது: குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே வழுக்கி விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால், வெளியே நிற்பவர்கள் கதவை உடைக்கவும் பயப்படுவார்கள், உள்ளே இருப்பவர் மீது விழுமே என்று. கீல்களை மாற்றிப் போட ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. அப்புறம் கழிவறை ஓரம் ஒரு கைப்பிடிக் கம்பி.

ஸ்ட்ரெச்சர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். ஆறு பேர் ஏறும் சாதாரண லிஃப்டில் அது படுத்தவாக்கில் போகாது. பல மாடிக் குடியிருப்பில் ஒரு லிஃப்டாவது ஸ்ட்ரெச்சர் கொள்ளும் அளவில் இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். பிற்பாடு மாற்ற முடியாதவற்றில் லிஃப்டின் குழிதான் முதலாவது.

கேட்டுக்கு வெளியே

நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி. பைக் ஏறாமல் தடுக்க நடுவில் கம்பி நடுகிறார்களே, அந்த இடைவெளி சக்கர நாற்காலிக்குப் போதாவிட்டால் பாதை இருந்தும் இல்லாதது போலத்தான்.

தீயணைப்பு வண்டியின் கதை வேறு. தமிழ்நாட்டில் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை உயர்மாடிக் கட்டடங்கள் என்று 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் பற்றிய விதிகளும் அதில் உண்டு. தேசியக் கட்டட நெறிமுறையோ, உயர்ந்த கட்டடத்தைச் சுற்றி ஆறு மீட்டர் திறந்தவெளியும், 45 டன் வரை எடையுள்ள வண்டியைத் தாங்கும் உறுதியான தளமும் கேட்கிறது. அந்த ஆறு மீட்டரில் விருந்தினர் கார்களை நிறுத்தக் கோடு போட்டுக் கொடுக்கும் குடியிருப்போர் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். மாடியில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும்போது இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

தீப்பிடித்தால் சாதாரண லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். படி இறங்க முடியாதவர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார், அவரை யார் இறக்குவது என்று சங்கத்தில் முன்பே பேசி எழுதிவைக்க வேண்டும். காது கேளாதவர் இருக்கும் வீட்டுக்கு அலாரம் ஒலி மட்டும் போதாது. மின்னும் விளக்கும் வேண்டும்.

மருத்துவமனை, வெள்ளம், வீடு ஒதுக்கீடு

25-வது பிரிவு மூன்றைச் சொல்கிறது: குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறங்களில், இலவச மருத்துவம்; அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற வழி; சிகிச்சையில் முன்னுரிமை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும்.

8-வது பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சேர்க்கவும் வேண்டும். உங்கள் வீட்டில் உள்ளவர் பெயர் அதில் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

வீடு ஒதுக்கீட்டிலும் உரிமை உண்டு. 37-வது பிரிவின்படி, அரசின் வீட்டுத் திட்டங்களில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு முன்னுரிமை. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வழிகாட்டுதல், மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளங்களில் முன்னுரிமை தரச் சொல்கிறது.

தரைத்தளம் கேட்கும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அங்கே தண்ணீர் நிற்குமா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வந்த வெள்ளங்களிலும் முதலில் முழுகியது தரைத்தளங்கள்தான். தாழ்வான இடத்தில் படி ஏற முடியாதவருக்குத் தரைத்தளத்தைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. நல்ல லிஃப்டும் சாய்தளமும் இருந்தால் முதல் மாடி பாதுகாப்பானது.

எப்படிக் கேட்பது

புதிய கட்டடம் என்றால், அனுமதி தந்த அமைப்பிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பதில் தர 30 நாள். வரைபடத்துக்கும் கட்டியிருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் படம் எடுத்து, டேப் அளவுகளோடு அந்த அமைப்புக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் மனு அனுப்புங்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. பழைய குடியிருப்பில் சங்கம் சாய்தளத்துக்குச் சம்மதிக்காவிட்டாலும் ஆணையரிடம் முறையிடலாம்.

தெரு, நடைபாதை பற்றியவற்றை நகரத்தில் பகுதி சபையிலும் ஊரில் கிராம சபையிலும் எழுப்பி, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியிருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஓர் உறுப்பினர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் இப்போது கேட் சாவி மூன்று வீட்டில் இருக்கிறது. புதிய எண்ணைத் தெருவிளக்கு வெளிச்சம் படும் இடத்தில் பெரிதாக எழுதிவிட்டோம். அம்மாவின் குளியலறைக் கதவு வெளியே திறக்கிறது. சாய்தளத்துக்கு வேண்டிய 18 அடியில் இன்னும் இரண்டு கார்கள் நிற்கின்றன. அளவுகளோடு எழுதிய மனு அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது.