பெட்டிக்குள் கச்சான் காற்று

ஆனி மாதத்தில் வாழைச்சேனை தாண்டிப் பொலன்னறுவைப் பக்கம் போகிற வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள். வாளியிலோ சட்டியிலோ குவித்து வைத்து, சுண்டு என்கிற சின்ன அளவையால் அளந்து தருவார்கள். மஞ்சள் நிறம், விரல் நுனியளவு பழம். வாயில் போட்டால் தேன். கொஞ்சம் கூடத் தின்றால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழத்துக்குக் காலையில் ஒரு விலை, பொழுதுபட இன்னொரு விலை, அடுத்த நாள் விலையே இல்லை. மணம் மாறி, நுரைக்கத் தொடங்கிவிடும். யானைக்கும் கரடிக்கும் பயந்து பயந்து காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வந்த உழைப்பு ஒரே இரவில் கரைந்து போகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நாவற்பழத்துக்கும் இதே கதைதான். விளாம்பழத்துக்கு ஓடு இருப்பதால் அது சில நாள் கூடத் தாங்கும். ஆனால் அது எல்லார் வளவிலும் ஒரே நேரத்தில்தான் விழுகிறது. மரம் இருக்கிறது, பழம் இருக்கிறது, கொழும்பிலோ கண்டியிலோ வாங்குகிற ஆளும் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேரும்வரை பழம் தாங்க வேண்டும். வெயிலில் பழம் காய வைக்கும் பெட்டி ஒன்றால் அதைச் செய்வது பற்றியது இந்தக் கட்டுரை.

பழம் ஏன் கெடுகிறது? தண்ணீரால். பெரும்பாலான பழங்களில் 100 கிராமுக்கு 75 முதல் 90 கிராம் வரை தண்ணீர்தான். சரி, தண்ணீர் இருந்தாலே கெட்டுவிடுமா? தேனிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு, அது ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. தேனில் உள்ள சீனி அந்தத் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால், நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் அங்கே மிகக் குறைவு. இப்படிக் கட்டுப்படாமல் கிடக்கும் தண்ணீரின் அளவைத்தான் நீர்ச் செயற்பாடு என்று சொல்கிறார்கள். தூய தண்ணீருக்கு அது 1. புதுப் பழத்துக்கு 0.97க்கு மேல். 0.85க்குக் கீழே வந்தால் நோய் தரும் பக்ரீரியாக்கள் வளர்வதில்லை. 0.6க்குக் கீழே பூஞ்சணமும் வளராது. ஆகவே பழத்தை எலும்பாகக் காய வைக்கத் தேவையில்லை. மிஞ்சுகிற தண்ணீரைப் பழத்தின் சொந்தச் சீனியே பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்தால் போதும்.

பனாட்டு போட்ட எங்கள் பாட்டிமாருக்கு இது தெரிந்த வித்தை. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் மெல்லியதாகப் பூசுவார்கள். அது காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த பூச்சு. ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் என்ன? பழக்களியின் அடியில் இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்ல ஊர்ந்துதான் மேற்பரப்புக்கு வர வேண்டும். தடிப்பை இரண்டு மடங்காக்கினால், அந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் எடுக்கும். அதற்குள் புளித்துவிடும்.

இனி, காற்று. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கிற கச்சான் காற்றை அறியாதவர் இல்லை. உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். இந்தக் காற்று தென்மேல் பருவக்காற்றாகப் புறப்பட்டு வருவது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தில் பெரும்பகுதியை மழையாக அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அமுக்கம் கூடக் கூட, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை வீதம் சூடாகிறது. இறங்குகிற வழியில் அதற்குப் புதிதாக ஈரம் சேர்வதில்லை, சூடு மட்டும் ஏறுகிறது. சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், அது தொட்டதிலெல்லாம் தண்ணீரை உறிஞ்சுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். காலையில் அதில் 75 வீதம் நிரம்பியிருந்தால், இன்னும் ஏழரைக் கிராமுக்கு மட்டுமே இடம். அதே காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினால் தாங்கும் அளவு 83 கிராமாகிவிடும். அப்போது கிட்டத்தட்ட 60 கிராமுக்கு இடம் கிடைக்கிறது. பழத்தைத் தொட்டவுடன் காற்றுக் கொஞ்சம் குளிர்ந்துவிடும், அதனால் அந்த இடம் முழுவதும் நிரம்பாது. இருந்தாலும் வித்தியாசம் பெரிது.

சூரிய உலர்த்தி என்பது இந்தக் கச்சானை ஒரு பெட்டிக்குள் உண்டாக்குவதுதான். மரச் சட்டம், அடியில் கறுப்புப் பூசிய தகரம், மேலே வெயிலில் இற்றுப்போகாத தடித்த பொலித்தீன், நடுவில் வலை அடித்த தட்டுகள், கீழே காற்று நுழைய ஒரு வாய், மேலே வெளியேற ஒரு வாய். ஒளி பொலித்தீனைத் தாண்டி வந்து தகரத்தைச் சுட வைக்கிறது, தகரம் காற்றைச் சுட வைக்கிறது. மலை செய்கிற வேலையைக் கறுப்புத் தகரம் செய்கிறது. ஈயும் தூசியும் கோழியும் அண்டாது என்பது கூடுதல் நன்மை.

முதன்முதலில் என் மாமி வளவில் இப்படியொரு பெட்டி செய்தபோது பெரிய பிழை ஒன்று விட்டோம். சூடு வெளியே போய்விடும் என்று பயந்து மேல் வாயைத் துணி அடைத்து மூடினோம். வெப்பமானி 65 பாகை காட்டியது. எங்களுக்கோ சந்தோசம். மத்தியானம் பார்த்தால் பொலித்தீனின் உட்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர், அது திரும்பவும் பழத்தின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் மூடியைத் திறந்து நன்றாகக் காய்ந்தது போலத் தெரிந்த விளாம்பழக் களித் துண்டொன்றை எடுத்து மாமி முறித்தா. "இஞ்ச பாரு மனே, மேல தோல் பிடிச்சிருக்கு, உள்ள களி மாதிரிக் கிடக்கு" என்றா. அப்படியே பொதி செய்து வைத்ததில், ஒரு கிழமையில் வெள்ளைப் பூஞ்சணம். நாலு கிலோ விளாம்பழக் களியும் குப்பைக் கிடங்குக்குப் போனது.

அங்கே இரண்டு தவறு நடந்திருக்கிறது. ஈரம் நிரம்பிய காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் மேலும் தண்ணீரை எடுக்காது. அதை வெளியேற்றிப் புதுக் காற்றை விட வேண்டும். அடுத்தது, தொடக்கத்திலேயே கடும் சூடு கொடுத்தால் மேற்பரப்பு சட்டென்று காய்ந்து தோலாகி, உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வழியை அடைத்துவிடும். அதனால் இப்போது முதலில் 45 பாகையளவில் வைத்து, பிற்பாடுதான் 55 பாகை வரை விடுகிறோம்.

காற்றை வெளியே தள்ளுவதற்குப் பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ற் மின்விசிறி ஒன்றையும் 20 வாற் சோலார் தகடு ஒன்றையும் நேரே இணைத்தோம். இடையில் பற்றரி கிடையாது. இந்த அமைப்பில் எனக்குப் பெரிய விருப்பம் உண்டு. வெயில் ஏறினால் பெட்டி கூடச் சூடாகும், அதே வெயிலில் விசிறியும் வேகமாகச் சுழலும். முகில் மறைத்தால் விசிறி தளர்ந்து, இருக்கிற சூட்டைப் பெட்டிக்குள்ளேயே விடும். யாரும் பக்கத்தில் நின்று பார்க்கத் தேவையில்லை. இரவில் விசிறி தானாக நின்றுவிடும். அப்போது மட்டும் இரண்டு வாயையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் இரவின் ஈரத்தைப் பழம் திரும்பக் குடித்துவிடும்.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்? 80 வீதம் தண்ணீருள்ள 10 கிலோ பழக்களியில் திண்மம் 2 கிலோ. அதை 15 வீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 2.35 கிலோ. ஆக, 7.65 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 கிலோவாற் மணி சக்தி தேவை. கச்சான் காலத்து நல்ல நாளில் ஒரு சதுர மீற்றருக்கு 5 கிலோவாற் மணி வெயில் விழுகிறது, அதில் 30 வீதம் பயன்பட்டால் 2.2 கிலோ தண்ணீர் போகும். அதாவது மூன்றரைச் சதுர மீற்றர், இரண்டு கதவின் அளவு. வெயிலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

சோலார் என்றால் எல்லா வேலைக்கும் சோலார் மின்சாரம் என்று சிலர் தொடங்கிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. 20 லீற்றர் பழச்சாற்றை 30 பாகையிலிருந்து 85 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.3 கிலோவாற் மணி வேண்டும். ஒரு கிலோவாற் தகடு ஒரு நாள் முழுக்கத் தருவது ஏறத்தாழ 4 கிலோவாற் மணி. மூன்று சட்டி காய்ச்சினால் அன்றைய மின்சாரம் முடிந்தது. விசிறியைச் சுற்ற, களி பிழியும் சின்ன மோட்டாரை ஓட்ட, பொதியை ஒட்ட மின்சாரத்தை வைத்துக்கொள்ளலாம். சாறு காய்ச்சப் புகைபோக்கி வைத்த நல்ல விறகு அடுப்பே போதும்.

காய்ச்சுவதிலும் பழம் எங்களுக்கு ஒரு சலுகை தருகிறது. விளாம்பழமும் பழப்புளியும் நல்ல புளிப்பு. பீ.எச். பெறுமானம் 4.6க்குக் கீழே இருந்தால், மிக ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பக்ரீரியா அதில் வளராது. அதனால் 85 பாகைச் சூடு போதுமாகிறது. பாலைப்பழம் வெறும் இனிப்பு, புளிப்பில்லை. அதில் சாறோ ஜாமோ செய்கிறவர்கள் தேசிக்காய்ச் சாறு சேர்க்காமல் போத்தலில் அடைக்கவே கூடாது.

இவ்வளவும் மரம் இருந்தால்தான். பாலை மெதுவாக வளர்கிற மரம். எட்டாத பழத்துக்காகக் கிளையையே வெட்டிச் சாய்க்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பாலையின் வேர் வறட்சியைத் தாங்கும் என்பதால் இந்தியாவில் அதன் நாற்றில்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். விளாத்தியையும் விளாங்கன்றிலேயே ஒட்டலாம். விதையிலிருந்து முளைத்த விளாங்கன்று காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். காய்த்த மரத்தின் கிளையிலிருந்து எடுத்த ஒட்டுக்கண்ணோ, தன் பருவத்தை மறப்பதில்லை. கன்றில் ஒட்டினாலும் அது வளர்ந்த கிளையாகவே நடந்துகொண்டு, சில வருடங்களிலேயே பூக்கும். பிழிந்த களியில் மிஞ்சுகிற விதையிலேயே நாற்று கிடைக்கும்.

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வரத் தொடங்கினால் பெட்டிக்கு வேலை இல்லை. பொலித்தீனைக் கழற்றிக் கழுவி, எலி கடிக்காமல் பரணில் கட்டி வைப்போம். வெறும் சட்டத்தின் மேல் மாமி கிடுகு போட்டு மூடி, அந்த நிழலில் இந்த முறை இருபத்தாறு விளாங்கன்று வைத்திருக்கிறா. ஒட்டியதில் ஏழு பட்டுப்போய்விட்டன. மற்றவை துளிர்த்துவிட்டன, மழை பிடித்ததும் வரம்போரம் நட வேண்டும்.