அரசுச் சேவை இணையதளத்தில் நுழையும் முன்: சென்னைவாசிகளுக்கு ஒரு விளக்கம்

வருமானச் சான்று வேண்டும், பிறப்புச் சான்று வேண்டும், பட்டா நகல் வேண்டும் என்று எதற்காகத் தேடினாலும், அலைபேசித் திரையில் முதலில் வந்து நிற்பது பல சமயங்களில் விளம்பரமாகவோ, ‘நாங்கள் விண்ணப்பித்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் தனியார் பக்கமாகவோ இருக்கிறது. எனவே விவரங்களை நிரப்பும் முன் பார்க்க வேண்டியது தளத்தின் முகவரியை. தொடக்கத்தில் வரும் ‘https://’ஐ விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி ‘டாட் ஜிஓவி டாட் இன்’ (.gov.in) என்று முடிந்தால் அது அரசின் தளம். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படுகிறது. அதே எழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ இருந்து, முடிவு வேறாக இருந்தால், ஆதார் எண்ணையோ வங்கி விவரத்தையோ அங்கே தரக் கூடாது.

அடுத்து, வேண்டிய சேவை எந்தத் துறையுடையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு என்பது நமக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், இணையத்தில் அது துறைதுறையாகத்தான் பிரிந்து கிடக்கிறது. சாதி, இருப்பிடம், வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரி, வாரிசு ஆகிய சான்றுகள் வருவாய்த் துறை தருபவை; இவற்றுக்குத் தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-சேவை தளத்துக்குச் செல்ல வேண்டும். பிறப்பு, இறப்புச் சான்றுகளும் சொத்து வரியும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத் துறையின் தளமும், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ உணவு வழங்கல் துறையின் தளமும் தனித்தனியே உள்ளன. ஒரு தளத்தில் உருவாக்கிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இன்னொன்றில் செல்லாது.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் ‘சென்னை’ என்று சொல்லும் ஊரும், கணினியில் ‘சென்னை’ என்று பதிவாகியிருக்கும் எல்லையும் ஒன்றல்ல. மாநகராட்சியின் எல்லை 2011இல் விரிவாக்கப்பட்டது. சென்னை மாவட்டத்தின் எல்லை அதற்கு ஏற்ப 2018இல்தான் விரிந்தது. அதனால் முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சோழிங்கநல்லூரும் ஆலந்தூரும், திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர் பகுதிகளும் இப்போது சென்னை மாவட்டத்து வட்டங்கள். மாறாக, தாம்பரமும் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சியில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. ஆவடி தனி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். பல்லாவரத்தில் இருப்பவர் பழக்கதோஷத்தில் மாவட்டம் என்ற இடத்தில் சென்னையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவருடைய வட்டமும் கிராமமும் அடுத்த பட்டியலில் வராது. தளத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். பழைய ஆவணங்களில் வேறு மாவட்டப் பெயர் இருந்தாலும், விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தையும் வட்டத்தையும்தான் குறிப்பிட வேண்டும்.

இனி வருமானச் சான்றையே எடுத்துக்கொண்டு இ-சேவை தளத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மற்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கும் பாதை ஏறக்குறைய இதுவே. முகப்பில் இரண்டு வகை நுழைவுகள் இருக்கும். ஒன்று இ-சேவை மையங்களை நடத்துவோருக்கானது, மற்றொன்று குடிமக்களுக்கானது. இரண்டாவதில் புதிய பயனராகப் பதிந்து, அலைபேசிக்கு வரும் ஓடிபியை இட்டால் கணக்கு உருவாகிவிடும். பலர் இத்துடன் பதிவு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அது உள்ளே வருவதற்கான திறவுகோல் மட்டுமே. சான்று யாருக்கு வேண்டுமோ அவருக்கென்று தனியாக ஒரு கேன் எண் தேவை. சென்னையில் கேன் என்றால் தண்ணீர்தான் நினைவுக்கு வரும் என்றாலும், இங்கே அது ஒரு குடிமகனின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, முகவரி, அலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் நிரந்தரப் பதிவின் எண். ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த சான்றுகளுக்கும் அதே எண்தான். முன்பு எப்போதாவது இ-சேவை மையத்தில் சான்று வாங்கியிருந்தால் அப்போதே இந்த எண் உருவாகியிருக்கக்கூடும் என்பதால், புதிதாகப் பதியும் முன் ஆதார் எண்ணையோ அலைபேசி எண்ணையோ கொண்டு தேடிப் பார்ப்பது நல்லது. ஓடிபி கேன் பதிவில் உள்ள அலைபேசி எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லையென்றால் முதலில் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கேன் பதிவில் நிதானமாகச் செய்ய வேண்டியது பெயரை எழுதுவதுதான். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துதான். ஒருவருடைய ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாகப் பின்னால் வந்திருக்கும், மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ரேஷன் அட்டையில் தலைப்பெழுத்தே இருக்காது. கேன் பதிவில் எழுதும் பெயர்தான் அப்படியே சான்றில் அச்சாகும். எனவே சான்றை எங்கே கொடுக்கப் போகிறோமோ அங்குள்ள பதிவேட்டில் பெயர் எப்படி உள்ளதோ, அதற்கு ஒத்துவருமாறு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவதே தொல்லையற்றது. தமிழ்ப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது ‘ன’, ‘ண’ மாறிப்போவதும், ‘ல’, ‘ள’, ‘ழ’ குழம்புவதும் சிறிய பிழையாகத் தோன்றலாம். ஆனால் சான்று கையெழுத்தான பிறகு அதைத் திருத்துவதற்குப் பெரும்பாலும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

சேவைகள் பட்டியலில் வருமானச் சான்றின் குறியீடு ‘ஆர்இவி-103’. சாதிச் சான்றுக்கு 101, இருப்பிடச் சான்றுக்கு 102, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்கு 104. வருமானச் சான்றுக்கான சேவையைத் திறந்ததும் தேவையான ஆவணங்களின் பட்டியல் வரும். படிவத்துக்குப் போகும் அவசரத்தில் இதைப் படிக்காமல் தாண்டிவிடக் கூடாது. புகைப்படம், ரேஷன் அட்டை, சம்பளச் சீட்டு போன்றவற்றைப் பதிவேற்ற வேண்டியிருக்கும். அலைபேசியில் எடுத்த படம் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பெரிதாக இருப்பதால், முன்கூட்டியே அளவைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. சுய உறுதிமொழிப் படிவத்தைப் பதிவிறக்கி, அச்சிட்டு, கையொப்பமிட்டு, அதையும் ஏற்ற வேண்டும். கல்வி உதவித்தொகைக்காக விண்ணப்பிப்போர், சான்று மாணவர் பெயரில் வேண்டுமா பெற்றோர் பெயரில் வேண்டுமா என்பதைக் கல்லூரி அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால், எப்போது சமர்ப்பிக்கப் போகிறோம் என்பதைக் கணக்கிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் செலுத்தியதும் ‘டிஎன்’ என்று தொடங்கும் விண்ணப்ப எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அதன் பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று பழைய காகிதக் கோப்பு நடந்த வழியிலேயேதான் நடக்கிறது. இணையதளம் மாற்றியது வாசலை மட்டுமே. விசாரிப்பவர்களும் கையொப்பமிடுபவர்களும் அதே அலுவலர்கள்தான். நிலையை அறியும் பகுதியில் விண்ணப்ப எண்ணை இட்டால், கோப்பு இப்போது எவரிடம் இருக்கிறது என்பது தெரியும். எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவதற்கும், ஒன்றும் தெரியாமல் போய் நிற்பதற்கும் வேறுபாடு அதிகம். ஒப்புதல் ஆன சான்றில் மின்னணுக் கையொப்பமும் கியூஆர் குறியீடும் இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணுக் கையொப்பத்தை ஏற்பதால், அதன்மேல் முத்திரை வாங்கி வா என்று கேட்பதற்கு அடிப்படை இல்லை.

சாதிச் சான்று குறித்து ஒரு சொல். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றை அப்படியே மத்திய அரசுப் பணிக்கோ மத்தியக் கல்வி நிறுவனத்துக்கோ கொடுக்க முடியாது. அதற்கு மத்திய அரசு வகுத்த படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்புடன் கூடிய ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றைத் தனியாகப் பெற வேண்டும். பட்டியலில் அது வேறு சேவையாகவே இருக்கிறது.

மாநகராட்சித் தளத்தில் வேலை இதைவிட எளிது. பிறப்புச் சான்றைப் பிறந்த தேதி முதலான விவரங்களைக் கொண்டு தேடி, கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். தேடியும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் தேடிய இடம் தவறாக இருக்கும். பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த இடத்தில்தான். பெற்றோர் வசிக்கும் இடத்தில் அல்ல. வேளச்சேரியில் குடியிருப்பவரின் குழந்தை தாய்வீட்டுப் பிரசவத்தால் விழுப்புரத்தில் பிறந்திருந்தால், பெருநகரச் சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றுதான் என்று சட்டத் திருத்தம் சொல்வதால், குழந்தையின் பெயரைச் சேர்க்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். அதே தளத்தில் சொத்து வரியையும் செலுத்தலாம். அரையாண்டின் முதல் மாதங்களான ஏப்ரலிலும் அக்டோபரிலும் செலுத்தினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.

பட்டா போன்ற நில ஆவணங்களுக்கான தளத்தில் சென்னைக்காரர்கள் தடுமாறுவது புல எண்ணில் (சர்வே எண்). நகரப் பகுதியில் நில ஆவணம் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்ற வரிசையில்தான் இருக்கிறது. பத்திரத்தில் உள்ள பழைய கிராமப் புல எண்ணை இட்டுவிட்டு ‘விவரம் இல்லை’ என்று வந்ததும் பதற வேண்டியதில்லை; நகர நில அளவைப் பதிவேட்டுக்கான பகுதியைத் திறந்து, இன்றைய எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் சொந்தமாகச் செய்ய இயலாதவர்கள் அரசு இ-சேவை மையத்துக்குப் போவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ரசீதில் அச்சான தொகையை மட்டுமே கொடுக்க வேண்டும், விண்ணப்பத்தில் தங்கள் சொந்த அலைபேசி எண்ணையே பதியச் சொல்ல வேண்டும். மையத்தாரின் எண் பதிவாகிவிட்டால் குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்கே போகும்.

விண்ணப்பம் நகராமல் நின்றுவிட்டால், மாநகராட்சிச் சேவைகளுக்கு 1913 என்ற எண்ணையும், மற்றத் துறைகளுக்கு முதலமைச்சரின் உதவி மையமான 1100 என்ற எண்ணையும் அழைத்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதியலாம். அதற்கும் பதில் வராதபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன், ‘இந்த எண்ணுள்ள விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது’ என்று மட்டும் கேட்டு ஒரு மனு எழுதினால், பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.