தரையில் ஊரும் விமானங்கள்: யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

கேட்டிலிருந்து கிளம்பும் விமானம் ஓடுபாதை வரை தரையில் மெதுவாக உருண்டு போகிறதே, அதை டாக்ஸி என்பார்கள். இறங்கியபின் கேட்டுக்குத் திரும்பி வருவதும் டாக்ஸிதான். அந்த நேரத்தில் இரண்டு விமானங்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்க உலகம் முழுவதற்கும் பொதுவான விதிகள் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அமைப்பான ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு), விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கைக்கு வெளியிடும் 2-ஆவது இணைப்பில் அவை இருக்கின்றன. அந்த இணைப்பின் பெயரே 'வான்வழி விதிகள்'. அதில் தரைக்குக் கிடைத்தது சில வரிகள்தான்.

நேருக்கு நேர் வந்தால் இரண்டும் நிற்க வேண்டும்; இடமிருந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்கலாம். இரண்டு பாதைகள் ஓரிடத்தில் சேர்கின்றன என்றால், எந்த விமானத்துக்கு வலப்பக்கம் மற்றது தெரிகிறதோ அதுதான் வழிவிட வேண்டும். பின்னால் வருவது முந்தப் பார்த்தால் முன்னுரிமை முன்னால் இருப்பதற்கு. முந்துகிற விமானம்தான் போதிய இடைவெளி விட்டு விலகிப் போக வேண்டும்.

இரண்டாவது விதியை இரவில் நினைவு வைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. விமானத்தின் இடது இறக்கை முனையில் சிவப்பு விளக்கு, வலது முனையில் பச்சை. வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் விமானத்தின் இடது பக்கம்தானே நமக்குத் தெரியும்? ஆக, சிவப்பு தெரிந்தால் நாம் நிற்க வேண்டும். எதிர் விமானிக்கு நம் பச்சை தெரிகிறது, அவர் போகலாம். கப்பல்களில் இருந்து வந்த ஏற்பாடு இது.

சரி, பெரிய விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம்தானே எல்லாவற்றையும் சொல்கிறது, இந்த விதிக்கு அங்கே என்ன வேலை? எந்த டாக்ஸி பாதை வழியாகப் போவது, எங்கே நிற்பது, யாரை முதலில் விடுவது என்று கோபுரத்தின் தரைக் கட்டுப்பாட்டாளர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதால் விமானியின் பொறுப்பு போய்விடாது. முன்னுரிமை தன்னுடையதாகவே இருந்தாலும், மோதலைத் தவிர்க்க வேண்டிய கடமை விமானத்தின் கேப்டனுக்கு இருக்கிறது. 'முன்னுரிமை எனக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு போய் இடிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடுபாதைகளும் டாக்ஸி பாதைகளும் சேர்ந்த பகுதி வேறு. விமானங்களை நிறுத்தி ஆளேற்றி எரிபொருள் நிரப்பும் ஏப்ரன் வேறு. கோபுரத்தின் கட்டுப்பாடு முதல் பகுதிக்கு. ஏப்ரனைப் பல விமான நிலையங்களில் தனிப் பிரிவு கவனிக்கிறது. நெரிசல் அதிகம் இருப்பதோ ஏப்ரனில்தான்: இழுவை வண்டி, எரிபொருள் லாரி, சாமான் வண்டி, சைகை காட்டும் ஊழியர்கள்.

இங்கே நடப்பது பெரும்பாலும் நேருக்கு நேர் மோதல் அல்ல, இறக்கை முனை உரசல். பெரிய விமானங்கள் சிலவற்றில் விமானி தன் இருக்கையிலிருந்து சொந்த இறக்கையின் முனையைப் பார்க்கவே முடியாது. போதாததற்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை திரும்பும்போது வெளிப்பக்க முனை நினைத்ததைவிட அகலமாக வீசும். தரையில் போட்ட மஞ்சள் நடுக்கோட்டில் சரியாகப் போனால் இடைவெளி போதும் என்றுதான் பாதையை வடிவமைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு, மற்ற விமானம் தன் இடத்துக்குள் முழுதாகப் போய் நின்றிருந்தால்தான் சரிவரும். கேட் காலியாகவில்லை என்று பாதிவழியில் நிற்கும் விமானத்தின் வால் பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால்?

2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் நடந்தது அப்படியொரு விபத்துதான். ஏர் பிரான்ஸின் ஏ380 டாக்ஸி செய்துகொண்டு போனபோது அதன் இடது இறக்கை முனை ஒரு சிறிய சிஆர்ஜே விமானத்தின் வாலில் இடித்தது. சிறிய விமானம் பயணிகளோடு அப்படியே சுழன்று திரும்பியது. யாருக்கும் காயமில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், முனை தெரியாத பெரிய விமானங்களில் கேமரா போன்ற ஒரு கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏ380-இன் இறக்கை அகலம் ஏறத்தாழ 80 மீட்டர். போயிங் 777எக்ஸ் இறக்கை முனைகளை மடிக்கும்படி வடிவமைக்கப்பட்டதற்கும் காரணம் இந்த இடநெருக்கடிதான்: விரித்தால் 71.8 மீட்டர், மடித்தால் 65-க்குள்.

உரசல் பணத்துக்குத்தான் கேடு. உயிருக்குக் கேடு, டாக்ஸி செய்யும் விமானம் தவறி ஓடுபாதைக்குள் நுழைவது. 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஆர்5 பாதையில் போகச் சொல்லப்பட்ட சிறிய செஸ்னா ஜெட் ஆர்6-இல் திரும்பியது. அது ஓடுபாதைக்குள் வந்தபோது எம்டி-87 பயணிகள் விமானம் மேலெழ ஓடிக்கொண்டிருந்தது. 118 பேர் இறந்தார்கள். தரை ரேடார் அன்று செயல்பாட்டில் இல்லை. வானில் மோதல் எச்சரிக்கை தரும் டிகாஸ் கருவியும் தரையில் காப்பாற்றாது; தரையை நெருங்கினாலே அதன் 'ஏறு, இறங்கு' ஆணைகள் நிறுத்தப்பட்டுவிடும்.

அதனால் ஓடுபாதை வாசலில் விதி மிகவும் கறாரானது. அங்கே நான்கு மஞ்சள் கோடுகள்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்ட கோடு. முழுக்கோட்டுப் பக்கமிருந்து வந்தால், கோபுரம் அனுமதிக்காமல் தாண்டக் கூடாது. குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை எரிந்தால் நின்றே ஆக வேண்டும். அது அணைந்த பிறகுதான் நகரலாம். ஓடுபாதைக்கு வெளியே நில், உள்ளே வா, குறுக்கே கட என்று கோபுரம் சொல்வதை விமானி வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'ஓகே' போதாது.

வண்டிகளுக்கும் இதே மாதிரி ஒரு வரிசை உண்டு. ஆபத்திலுள்ள விமானத்துக்கு உதவ விரையும் தீயணைப்பு வண்டிக்கு எல்லாரும் வழிவிட வேண்டும். மற்ற வண்டிகள், விமானத்தை இழுத்துச் செல்லும் வண்டி உட்பட, டாக்ஸி செய்யும் விமானத்துக்கு வழிவிட வேண்டும். வெறும் வண்டி, இழுவையிலிருக்கும் விமானத்துக்கு ஒதுங்க வேண்டும்.

ரேடியோ செத்துப்போனால் அப்புறம் விளக்குதான் பேசும். கோபுரத்திலிருந்து விட்டுவிட்டு எரியும் பச்சை தெரிந்தால் டாக்ஸி செய்யலாம். நிலையான சிவப்பு என்றால் நில். விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் ஓடுபாதைப் பகுதியை விட்டு விலகு. விட்டுவிட்டு எரியும் வெள்ளை என்றால், கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போ.